படத் திருத்தத்துக்கு எந்த மானிட்டர்? வாசகர் கேள்வி பதில்

ஒளிப்படங்களைத் திருத்துவதற்கு ஏற்ற மானிட்டரைத் தேர்ந்தெடுப்பது குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறு இங்கே இடம்பெறுகின்றன. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில், விவரம் மிகுந்த கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: திருமணப் படங்கள் எடுத்து ஆல்பம் செய்து தருவது என் தொழில். என்னிடம் உள்ள மானிட்டர் மிகப் பழையது. அதில் நன்றாகத் தெரியும் படங்கள் லேபிலிருந்து ஆல்பமாக வரும்போது இருண்டு விடுகின்றன; மணப்பெண்ணின் கூந்தலும் மாப்பிள்ளையின் கோட்டும் வெறும் கறுப்புத் திட்டாகி விடுகின்றன. புது மானிட்டருக்காக 40,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். கடையில் 165 ஹெர்ட்ஸ் வேகமுள்ள வளைந்த கேமிங் மானிட்டரைக் காட்டுகிறார்கள். நண்பர்கள் 4கே வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
— ஒளிப்படக் கலைஞர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. எந்த மானிட்டரை வாங்குவது என்பது ஒன்று. ஆல்பம் ஏன் இருண்டு வருகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதைத் தீர்க்காமல் முதலாவதற்குப் பணம் செலவழித்தால், புதுத் திரையிலிருந்து போகும் படங்களும் அதே போல இருண்டுதான் திரும்பும். ஆகவே அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

கடைக்கு வரும் மானிட்டர்களில் பெரும்பாலானவை ஒரு சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கேண்டெலா வரை ஒளிரக்கூடியவை. பெட்டியைப் பிரித்துப் பொருத்தும்போது பலவும் அந்த உச்ச அளவிலோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் இருக்கும். தாளுக்கோ சொந்த ஒளி கிடையாது. அறையின் விளக்கிலிருந்து அதன்மேல் விழும் ஒளியைத்தான் அது திருப்பித் தர முடியும். 350 கேண்டெலாவில் ஒளிரும் திரை, 120 கேண்டெலாவில் ஒளிரும் திரையைவிட ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி) கூடுதல் வெளிச்சம் உடையது. அந்தத் திரையில் சற்றுக் குறைவான எக்ஸ்போஷரில் எடுத்த படமும் சரியாகத் தெரியும், சரியாக எடுத்த படமோ வெளுத்துத் தெரியும். எனவே முன்னதைக் கூட்டாமல் விட்டுவிடுவோம், பின்னதைக் குறைத்துவிடுவோம். இரண்டு வகையிலும் கோப்பு இருண்டு போகிறது, லேப் அதை உள்ளது உள்ளபடி அச்சிடுகிறது.

திரைகளுக்கும் இணையத்துக்கும் பொதுவான நிற அளவுகோலான எஸ்.ஆர்.ஜி.பி. தரநிலை வகுக்கப்பட்டபோது திரையின் வெண்மைக்கு 80 கேண்டெலாதான் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. அச்சுக்காகப் படங்களைத் திருத்துபவர்கள் இன்றும் 80 முதல் 120 கேண்டெலாவுக்குள்தான் வேலை செய்கிறார்கள். உங்கள் பழைய மானிட்டரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். லேபிலிருந்து வந்த ஒரு படத்தைத் திரைக்கு அருகில் நல்ல விளக்கொளியில் வைத்து, அதே கோப்பைத் திரையில் திறந்து, தாளின் வெள்ளையும் திரையின் வெள்ளையும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தொடக்கத்தில் திரை மங்கிவிட்டது போலத் தோன்றும். கண் விரைவில் பழகிவிடும். லேபில் தானியங்கித் திருத்தம் எதையும் செய்யாமல் அச்சிடும்படியும் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாகத் திருத்திக்கொண்டிருந்தால் தவறு எங்கே நேர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கூந்தலும் கோட்டும் கறுப்புத் திட்டாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பளபளப்பான ஒளிப்படத் தாளில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 200:1தான். எல்.சி.டி. பேனல் வகைகளுள் ஒன்றான ஐ.பி.எஸ். திரையில் அது 1000:1, வி.ஏ. என்னும் மற்றொரு வகையில் 3000:1. திரையின் கறுப்பில் நீங்கள் காணும் மெல்லிய வேறுபாடுகள் பலவற்றைத் தாளால் தாங்க முடியாது. ஆதலால் இந்த விகிதத்தைக் குறிக்கும் கான்ட்ராஸ்ட் எண் பெரிதாக இருப்பது அச்சு வேலைக்குச் சிறப்பு என்று எண்ண வேண்டாம். நிழல் பகுதிகளைத் திரையில் தோன்றுவதைவிடச் சற்றுக் கூடுதலாகத் திறந்துவிடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி வாங்கும் விஷயம். படத் திருத்தத்துக்கு ஐ.பி.எஸ். பேனலைத்தான் பரிந்துரைக்கிறேன். டி.என். என்னும் மற்றொரு வகைப் பேனலில் தலையைச் சற்று உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் நிறம் மாறும். ஒரே சாம்பல் நிறம் திரையின் மேற்பகுதியில் ஒரு மாதிரியும் கீழ்ப்பகுதியில் வேறு மாதிரியும் தெரியும். அப்படிப்பட்ட திரையில் மணமக்களின் முக நிறத்தைச் சரிபார்க்க இயலாது. வி.ஏ. பேனலில் கறுப்பு ஆழமாக இருந்தாலும், பார்க்கும் கோணம் மாறும்போது நிழல் பகுதிகளின் அடர்த்தியும் மாறிவிடுகிறது. கடைக்காரர் காட்டும் வளைந்த கேமிங் மானிட்டர்கள் பெரும்பாலும் இந்த வி.ஏ. வகையைச் சேர்ந்தவையே. அசையாத படத்துக்கு 165 ஹெர்ட்ஸ் வேகத்தால் எந்தப் பயனும் இல்லை. 60 ஹெர்ட்ஸ் போதும். மண்டபத் தூண்களையும் மேடை விளிம்புகளையும் நேராக்க வேண்டிய தொழிலில் இருப்பவருக்கு வளைந்த திரை வேண்டாம் என்பதும் என் கருத்து. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரைகளின் கறுப்பு ஈடு இணையற்றதுதான். ஆனால் மென்பொருளின் கருவிப்பட்டைகள் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும்போது அவற்றின் தடம் திரையில் நிலையாகப் பதிந்துவிடும் ஆபத்து அவற்றில் உண்டு.

அளவைப் பொறுத்தவரை, 27 அங்குலத்தில் 2560க்கு 1440 பிக்சல் கொண்ட மானிட்டர் உங்களுக்குப் பொருந்தும். அதில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 109 பிக்சல்கள் இருக்கும். அதே 27 அங்குலத்தில் 1920க்கு 1080 மட்டும் இருந்தால் அது 82 ஆகக் குறைந்து, எழுத்தும் விளிம்புகளும் சொரசொரப்பாகத் தெரியும், அதைத் தவிர்த்துவிடுங்கள். 27 அங்குல 4கே (3840க்கு 2160 பிக்சல்) திரையில் ஓர் அங்குலத்துக்கு 163 பிக்சல்கள் உள்ளதால் படம் மிகக் கூர்மையாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு: நூறு சதவீத அளவில் பார்க்கும்போது பிக்சல்கள் மிகச் சிறியவையாக இருப்பதால், அளவுக்கு மீறிக் கூர்மையாக்கியதும் நாய்ஸ் எனப்படும் புள்ளிப் புள்ளியான சிதைவும் கண்ணுக்கு எளிதில் தென்படாமல் போகும். ஆயிரக்கணக்கான படங்களை விரைந்து திருத்த வேண்டிய உங்கள் கணினிக்கும் அது கூடுதல் சுமை. உங்கள் தொகையை 4கேயில் போடுவதைவிட நிறத் துல்லியத்தில் போடுவதே நல்லது.

ஒரு திரையால் எந்தெந்த நிறங்களைக் காட்ட முடியும் என்பதைச் சொல்லும் நிற வரம்புக்கு வருவோம். ஆல்பம் அச்சிடும் லேப்கள் பெரும்பாலும் எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக் கோப்புகளையே கேட்கின்றன. உங்கள் லேபிலும் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியானால் எஸ்.ஆர்.ஜி.பி. முழுவதையும் சரியாகக் காட்டும் திரையே உங்களுக்குப் போதும். விவரத்தாளைப் படிக்கும்போது எண்களில் ஏமாந்துவிட வேண்டாம். பழைய தொலைக்காட்சித் தரநிலையான என்.டி.எஸ்.சி.யின் நிற வரம்பை வைத்துச் சொல்லும் ‘72 சதவீத என்.டி.எஸ்.சி.’ என்பது பரப்பளவில் ஏறக்குறைய முழு எஸ்.ஆர்.ஜி.பி.க்குச் சமம். மலிவான மடிக்கணினிகளில் காணப்படும் ‘45 சதவீத என்.டி.எஸ்.சி.’ என்பதோ எஸ்.ஆர்.ஜி.பி.யில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாதது. ‘125 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி.’ என்று போட்டிருந்தால் அது பரப்பின் அளவை மட்டும் சொல்கிறது, எஸ்.ஆர்.ஜி.பி.யின் ஒவ்வொரு மூலையும் அதற்குள் அடங்குகிறதா என்பதைச் சொல்லவில்லை. ‘எஸ்.ஆர்.ஜி.பி.யை எத்தனை சதவீதம் உள்ளடக்குகிறது’ என்ற எண்ணையே தேடுங்கள். அதனுடன் தொழிற்சாலையிலேயே அளந்து, டெல்டா ஈ 2க்குள் இருப்பதாகச் சான்று தரும் மாடல்களைப் பாருங்கள். டெல்டா ஈ என்பது காட்ட வேண்டிய நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள விலகலைக் குறிக்கும். அது 2க்குள் இருந்தால் அந்த விலகலைக் கண்டறிவது பயிற்சி பெற்ற கண்ணுக்கும் கடினம். ஏசுஸ் ப்ரோஆர்ட் பிஏ278க்யூவி இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: 27 அங்குலம், 2560க்கு 1440, ஐ.பி.எஸ்., முழு எஸ்.ஆர்.ஜி.பி.

ஒதுக்கிய தொகை முழுவதையும் மானிட்டருக்கே கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி. ஒரு பகுதியை, திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைச் சான்று அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். திரையின் பின்னொளி நாளாக நாளாக மங்கி நிறமும் மாறும். கடைத் தராசுக்குக் காலந்தோறும் முத்திரையிடுவது எதற்காகவோ, அதற்காகத்தான் மானிட்டரையும் அவ்வப்போது அளந்து திருத்த வேண்டியிருக்கிறது. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, கருவியைத் திரையின்மேல் தொங்கவிட்டால், மென்பொருள் வரிசையாக நிறங்களைக் காட்டி அளந்து, உங்கள் திரை நிறங்களைக் காட்டும் விதத்தைப் பதிவு செய்யும் ஐ.சி.சி. ப்ரொஃபைல் என்னும் கோப்பை உருவாக்கித் தரும். வெண்மைக்கு 6500 கெல்வின், இடைநிலைச் சாயல்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2, ஒளிர்வு 100 முதல் 120 கேண்டெலா என்று வைத்து மாதம் ஒரு முறை செய்தால் போதும். காலிப்ரைட், டேட்டாகலர் ஆகிய நிறுவனங்களின் கருவிகள் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. டிஸ்ப்ளேகால் என்னும் இலவச மென்பொருளும் இருக்கிறது. ஓர் ஊரில் நான்கைந்து ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கி முறை வைத்துப் பயன்படுத்திக்கொள்வதும் நல்ல ஏற்பாடு.

கேள்வி: பட்டுச் சேலைகளை இணையத்தில் விற்கிறோம். ‘படத்தில் பார்த்த நிறம் வேறு, கைக்கு வந்த நிறம் வேறு’ என்று சேலைகள் திரும்பி வருகின்றன. மயில்கழுத்து, அரக்கு ஆகிய நிறங்களில்தான் புகார் அதிகம். அடோப் ஆர்.ஜி.பி. முழுவதையும் காட்டும் விலை உயர்ந்த மானிட்டரை வாங்கினால் இது தீருமா?
— சேலை வணிகர், காஞ்சிபுரம்

பதில்: தீராது, அந்தச் செலவு உங்களுக்கு இப்போது வேண்டாம். 1998ஆம் ஆண்டின் அடோப் ஆர்.ஜி.பி. என்னும் நிற வரம்பு, பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் எஸ்.ஆர்.ஜி.பி.யைவிட நெடுந்தூரம் விரிந்தது. மயில்கழுத்தின் மிகச் செறிந்த சாயல்கள் அந்தப் பகுதியில்தான் வருகின்றன. ஆகவே விரிந்த வரம்புள்ள திரையில் நீங்கள் அந்த நிறத்தைச் சேலைக்கு மிக நெருக்கமாகப் பார்க்க முடியும் என்பது உண்மை. ஆனால் வாங்குபவர் பார்ப்பது தம் கைப்பேசியில். அங்கே படம் போய்ச் சேரும்போது எஸ்.ஆர்.ஜி.பி.க்குள் சுருக்கப்பட்டாக வேண்டும். அடோப் ஆர்.ஜி.பி.யாகவே சேமித்துப் பதிவேற்றினால், விற்பனைத் தளம் அந்தக் கோப்பிலுள்ள ப்ரொஃபைலை நீக்கிவிடும்போது நிறங்கள் வெளிறிப்போகும். திருத்துவதையும் சேமிப்பதையும் எஸ்.ஆர்.ஜி.பி.யிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மேலே தஞ்சாவூர் வாசகருக்குச் சொன்ன வகை மானிட்டரே உங்களுக்கும் போதுமானது.

உங்கள் குறை பெரும்பாலும் விளக்கில் இருக்கலாம். அரக்கு நிறத்தில் புகார் வருகிறது என்று எழுதியிருப்பது இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு. விளக்கில் இல்லாத நிறத்தைச் சேலையால் திருப்பி அனுப்ப முடியாது. அதனால் அரக்கு பழுப்பாகப் பதிவாகிறது. படம் எடுத்த பிறகு எந்தத் திரையில் உட்கார்ந்து திருத்தினாலும் அந்த இழப்பை முழுமையாக ஈடுகட்ட முடியாது. நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. மதிப்பு 95க்கு மேல் உள்ளதும், சிவப்புக்கான ஆர்9 மதிப்பைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பதுமான விளக்குகளை வாங்குங்கள். சன்னல் வெளிச்சத்தையும் குழல்விளக்கையும் கலந்து படமெடுக்க வேண்டாம். 24 நிறக் கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டை 1976ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் உள்ளது. ஒவ்வொரு முறை விளக்கு அமைப்பை மாற்றும்போதும் அந்த அட்டையைச் சேலையின்மேல் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கேமராவுக்கான ப்ரொஃபைலை உருவாக்கினால், நிறங்களில் பெரும்பகுதி உங்கள் கை படாமலே சரியாகிவிடும்.

மயில்கழுத்தின் கதை தனி. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்யப்படும் சேலை, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுவதற்காகவே நெய்யப்படுவது. ஒற்றைப் படம் அதில் ஒரு கோணத்தை மட்டுமே காட்டும். அத்தகைய சேலைகளுக்கு, மடிப்பை அசைத்துக் காட்டும் சிறு வீடியோவையும், பாவின் நிறம், ஊடையின் நிறம் ஆகியவற்றை எழுத்திலும் சேர்த்துவிடுங்கள். நெசவின் அழகே அதில்தான் இருக்கிறது என்பதால், அதை வாங்குபவருக்குச் சொல்லாமல் விடுவது நெய்தவருக்கும் நியாயம் செய்வதாகாது. கடைசியாக, பதிவேற்றும் முன் அதே படத்தை இரண்டு மூன்று கைப்பேசிகளில் திறந்து பாருங்கள். பல கைப்பேசிகளில் நிறத்தைக் கூட்டிக் காட்டும் அமைப்பு தொடக்கத்திலிருந்தே இயங்கிக்கொண்டிருக்கும். உங்கள் படம் அங்கே எப்படித் தெரிகிறது என்பதை அறிந்திருப்பது அவசியம்.

கேள்வி: புதிய ஐ.பி.எஸ். மானிட்டரை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக இணைத்தேன். கறுப்பு சாம்பலாகவும், படம் முழுவதும் புகை படிந்தது போலவும் தெரிகிறது. மானிட்டர் பழுதா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஓர் அமைப்பைப் பாருங்கள். கணினி நிறத்தை 0 முதல் 255 வரையிலான எண்களால் குறிக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் 16 முதல் 235 வரை மட்டுமே பயன்படுகிறது. எச்.டி.எம்.ஐ. இணைப்பில் சில கணினிகள் எதிரே இருப்பதைத் தொலைக்காட்சி என்று எண்ணிக்கொண்டு குறுகிய வரம்பை அனுப்பிவிடும்; மானிட்டரோ முழு வரம்பை எதிர்பார்த்து 16ஐச் சாம்பலாகக் காட்டும். கிராபிக்ஸ் கார்டின் அமைப்புப் பக்கத்தில் வெளியீட்டு வரம்பை ‘ஃபுல்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டிஸ்ப்ளேபோர்ட் வழியாக இணைக்க முடிந்தால் அதுவே மேல்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 68. எங்கள் குடும்பத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும், 1970களில் எடுத்து நிறம் மங்கிப்போன வண்ணப் படங்களையும் ஸ்கேன் செய்து திருத்தி வருகிறேன். மூடப்படும் ஸ்டூடியோ ஒன்றிலிருந்து உயர்தரமான பழைய மானிட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? நான் திருத்திய படங்கள் நீலம் பாய்ந்திருப்பதாக என் மகன் சொல்கிறான். எனக்கு அப்படித் தெரியவில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: ஐயா, உங்கள் மகன் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டும். வயது ஏறும்போது கண்ணின் வில்லை மெல்ல மஞ்சள் படிந்து, நீல ஒளியைக் குறைத்து உள்ளே விடுகிறது. இந்த மாற்றம் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக நேர்வதால், அனுபவிப்பவருக்கு அது தெரிவதில்லை. கண்புரை முற்றும்போது இது இன்னும் கூடும். ஓவியர் க்ளோட் மோனே 1923இல் கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு நிறங்களைப் பார்த்த விதமே மாறிப்போனது. நீங்களும் கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. உங்கள் மானிட்டரே பழையதாகி மஞ்சளித்திருந்தாலும் இதே விளைவுதான் ஏற்படும்: திரை மஞ்சளாகத் தெரிவதால் கை தானாகவே நீலத்தைச் சேர்த்துவிடும்.

இதற்கு வழி உண்டு. படத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை, எடுத்துக்காட்டாகப் பாட்டனாரின் வேட்டியையோ சுண்ணாம்புச் சுவரையோ எடுத்துக்கொண்டு, மென்பொருளின் நிறமறியும் கருவியை அதன்மேல் வையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்வரை திருத்துங்கள். கண் எப்படியிருந்தாலும் எண் மாறாது. அக்காலத்து வண்ணப் படங்கள் பலவற்றில், ஆல்பத்துக்குள் மூடியே வைத்திருந்தாலும், சயான் (நீலப்பச்சை) சாயம் மற்றவற்றுக்கு முன்பே மங்கிவிடும். அதனால்தான் அவை செம்மை படர்ந்து கிடக்கின்றன. அவற்றில் சிவப்பைக் குறைப்பதையே முதல் வேலையாகக் கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களைச் சாம்பல் நிற முறைமைக்கு மாற்றிச் சேமித்துவிட்டால், நிறச் சாயல் பற்றிய கவலையே அவற்றுக்கு இல்லை.

மலிவாகக் கிடைக்கும் பழைய மானிட்டரைப் பற்றி: எல்.இ.டி. பின்னொளிக்கு முன்பு மானிட்டர்களில் குழல்விளக்குப் போன்ற சி.சி.எஃப்.எல். குழல்கள் இருந்தன. அவை ஓடிய மணி நேரத்துக்கேற்ப மங்கி மஞ்சளித்துவிடும். ஸ்டூடியோவில் நாள் முழுவதும் எரிந்த அத்தகைய மானிட்டரை, எவ்வளவு புகழ்பெற்ற மாடலாக இருந்தாலும், வாங்க வேண்டாம். எல்.இ.டி. வகையாக இருந்து, அது ஓடிய நேரத்தை மெனுவில் காட்டும் வசதியும் இருந்தால், அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக மாறும் ஒரு படத்தைத் திரை முழுவதும் விரித்துப் பாருங்கள். இடையிடையே பட்டை பட்டையாகத் தெரிந்தாலோ, ஓரிடத்தில் இளஞ்சிவப்பும் ஓரிடத்தில் பச்சையும் தட்டினாலோ, கறுப்பு வெள்ளைப் படங்களைத் திருத்த அது உதவாது. உங்கள் வேலைக்கு 24 அங்குலப் புதிய ஐ.பி.எஸ். மானிட்டர் ஒன்றே போதும்.

கேள்வி: கோயில் சிற்பங்களையும் கடற்கரைக் காட்சிகளையும் படமெடுத்து, நிறமி மை கொண்ட இங்க்ஜெட் அச்சுப்பொறியில் பருத்தித் தாளில் நானே அச்சிட்டுக் கண்காட்சிகளில் வைக்கிறேன். எனக்கும் எஸ்.ஆர்.ஜி.பி. மானிட்டர் போதும் என்பீர்களா?
— ஒளிப்படக் கலைஞர், சென்னை

பதில்: உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல நிறமி மை அச்சுப்பொறிகள் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு வெளியே உள்ள பச்சை, நீலப்பச்சை நிறங்கள் சிலவற்றை அச்சிட வல்லவை. கடலில் அவை நிறையவே இருக்கும். அச்சில் வரக்கூடிய நிறத்தைத் திரையில் பார்க்க முடியாமல் திருத்துவது, தெரியாத ஒன்றைத் திருத்துவதாகும். அடோப் ஆர்.ஜி.பி.யில் 99 சதவீதத்தைக் காட்டும் மானிட்டர் உங்களுக்குப் பயன்படும். பென்க்யூ எஸ்டபிள்யூ270சி, ஐசோ கலர்எட்ஜ் சிஎஸ்2740 ஆகியவை இந்த வகை. பருத்தித் தாளின் கறுப்பு பளபளப்புத் தாளின் கறுப்பைவிடவும் வெளிறியது. ஆகையால் தாளின் ப்ரொஃபைலைக் கொண்டு திரையிலேயே அச்சின் முன்தோற்றத்தைப் பார்த்துத் திருத்தும் பழக்கம், சிற்பங்களின் நிழல் மடிப்புகளைக் காப்பாற்ற மிகவும் உதவும்.

இத்தகைய மானிட்டர்களின் பெரிய நன்மை, அளவுத்திருத்தம் மானிட்டருக்குள்ளேயே நடப்பது. சாதாரண மானிட்டரில் திருத்தம் கிராபிக்ஸ் கார்டில் செய்யப்படுவதால், ஒரு நிறத்துக்குக் கிடைக்கும் 256 படிகளில் சில தொலைந்துபோகும்; வானம் போன்ற மென்மையான பரப்புகளில் பட்டைகள் தோன்றுவதற்கு அது ஒரு காரணம். மானிட்டருக்குள், 256ஐவிட மிகப் பல நுண்ணிய படிகள் கொண்ட 14 அல்லது 16 பிட் அட்டவணையில் திருத்தம் செய்யும்போது அந்த இழப்பு இல்லை. 10 பிட் என்று விளம்பரம் செய்திருந்தாலும், மென்பொருள், கிராபிக்ஸ் கார்டு, கேபிள், மானிட்டர் ஆகிய நான்கும் ஒத்துழைத்தால்தான் ஒரு நிறத்துக்கு 1024 படிகள் கண்ணுக்கு வரும்.

விரிந்த வரம்புள்ள திரையில் ஒரு தொல்லை உண்டு. ப்ரொஃபைலைப் படித்து நிறங்களைச் சரியாகக் காட்டும் நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் படங்களைத் திறந்தால் எல்லாமே எரியும் நிறத்தில் தெரியும். போட்டோஷாப், லைட்ரூம், ஜிம்ப், டார்க்டேபிள் ஆகியவற்றில் இந்தக் குறை இல்லை. மற்ற வேலைகளுக்கு மானிட்டரின் எஸ்.ஆர்.ஜி.பி. முறைமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அறையையும் கவனியுங்கள்: சன்னல் திரைக்கு நேரெதிரே இருக்கக் கூடாது; பச்சையோ இளஞ்சிவப்போ பூசிய சுவர் வேண்டாம்; கணினியின் பின்னணியைச் சாம்பல் நிறமாக வையுங்கள்; இரவில் திரையை மஞ்சளாக்கும் அமைப்பை நிறுத்தி வையுங்கள். அச்சை ஒப்பிட்டுப் பார்க்க 5000 கெல்வின் அளவில் உயர்ந்த சி.ஆர்.ஐ. உள்ள விளக்கு ஒன்றை மேசையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் என்னென்ன சோதிக்க வேண்டும்? இருட்டில் ஓரங்களில் வெளிச்சம் கசிவது போலத் தெரிகிறதே?
— வாசகி, திருச்சி

பதில்: திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், நடுச்சாம்பல் ஆகிய ஆறு நிறங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரை முழுவதும் விரித்துப் பாருங்கள். கறுப்பில் மின்னும் புள்ளிகளும், வெள்ளையில் கறுத்த புள்ளிகளும் பழுதான பிக்சல்கள். இருண்ட புள்ளிகள் ஓரிரண்டு இருந்தால் மாற்றித் தருவதில்லை என்று சில உத்தரவாதங்களில் எழுதியிருக்கும்; ஆகவே வாங்கும் முன்பே அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். நடுச்சாம்பலில் திரையின் இடமும் வலமும் ஒரே நிறமாகத் தெரிகின்றனவா என்பது படத் திருத்தத்துக்கு இன்னும் முக்கியமான சோதனை. ஓர வெளிச்சத்தைப் பொறுத்தவரை, இருட்டறையில் கறுப்புத் திரையைப் பார்த்தபடி தலையை இடமும் வலமுமாக நகர்த்துங்கள். வெளிச்சமும் கூடவே நகர்ந்து மாறினால் அது ஐ.பி.எஸ். பேனலின் இயல்பு, திரையிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் குறைந்துவிடும். தலையை எங்கே நகர்த்தினாலும் அதே இடத்தில் அதே அளவில் நின்றால், அது சட்டகத்தின் ஓரத்தில் பின்னொளி கசிவது. அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கடையில் மாற்றித் தரும்படி கேளுங்கள்.